சீனி தின்னாத கட்டி

மதினியை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவளுடைய இடது உள்ளங்கைதான் எனக்கு ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் பால் ஊற்றாத வெறுந்தேத்தண்ணியில் சீனி கலக்கிற வழக்கம் இல்லை. கொஞ்சம் சீனியை உள்ளங்கையில் வாங்கி, அதை நக்கிக்கொண்டே கசப்புத் தேத்தண்ணியைக் குடிப்போம். சீனி மிச்சமாகும் என்பது அம்மாவின் நியாயம், ருசி கூடும் என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட சமாதானம். சீனி டின் அம்மாவின் ஆட்சியில் இருந்தது. ஒவ்வொரு கையிலும் கரண்டியால் வைத்து, சிந்தாமல் இருக்க கரண்டியின் அடியால் லேசாக ஒரு அமுக்கு அமுக்கிவிடுவாள். மதினியின் கைக்கும் அந்த அமுக்கு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரே வீட்டுக்கு வந்த நாளோடு கரண்டி கீழே இறங்குவது நின்றது. அம்மா நின்றபடியே, ஒரு முழ உயரத்திலிருந்து கொட்டினாள். பாதி கையில் விழும், பாதி சிமெந்துத் தரையில் சிந்தும். சிந்தியதற்கும் மதினிக்குத்தான் ஏச்சு விழும். அவள் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, விழுகிற சீனியைப் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

அவள் என் அண்ணனின் மனைவி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாத்தளை டவுனுக்கு வெளியே, வஹகோட்டைக்குப் போகிற ரோட்டில், மிளகுக் கொடி ஏறிய முள்முருக்கு மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. அண்ணன் நாவுலையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறி ஓட்டினான். மதினி தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மாவுக்கு அதுதான் முதல் குறை. எங்கள் தாத்தாவும் லயத்திலிருந்து வந்தவர்தான் என்பதை அம்மா வசதியாக மறந்திருந்தாள். நேற்று மாடி கட்டியவனுக்குத்தான் குடிசையைப் பார்த்தால் குமட்டும். மதினி அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய் நிறையப் பேசுவாள். யாரையும் போலப் பேசிக் காட்டுவாள். அந்தோனியார் கோயிலில் சுவாமியார் இருமுவதைக்கூட இருமிக் காட்டி, பூசை முடியும் வரைக்கும் என்னைச் சிரிப்பை அடக்க வைத்து வதைத்திருக்கிறாள்.

அவளுக்கு அப்படி ஒரு முகம் இருந்ததால்தான் அப்பாவிடம் பொய் சொல்கிற வேலையை அவள் தலையில் கட்டினார்கள். அப்பாவுக்குக் குடலில் கட்டி. டொக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட சேதியை நோயாளிக்குச் சொல்வதில்லை. ஊருக்கே தெரியும், தேத்தண்ணிக் கடையில் பேசுவார்கள், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியக் கூடாது. அவருக்குச் சொல்வதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். "நல்ல கட்டி." அதைச் சொல்ல நடுங்காத குரல் வேண்டும். அம்மாவுக்கு அழுகை வந்துவிடும், அண்ணன் தலையைக் குனிந்துகொள்வான். மதினிதான் கஞ்சிக் கோப்பையோடு கட்டிலில் போய் உட்கார்ந்து, "மாமா, படம் வந்துருச்சு. நல்ல கட்டிதானாம். மருந்துல கரைஞ்சிரும்" என்றாள். அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சத்தியமா?" என்றார். "வஹகோட்டை அந்தோனியார் மேல சத்தியமா மாமா" என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி கஞ்சியை அவர் வாயில் வைத்தாள். அப்பா அந்த நம்பிக்கையோடு சில மாதம் நிம்மதியாக இருந்து செத்துப் போனார். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. சாகிறவருக்குச் செய்கிற மரியாதை என்றே நினைத்தோம். பிறகு நான் டவுனில் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்தபோது பார்த்திருக்கிறேன், மருந்து வாங்க வருகிறவர் "எங்கப்பாவுக்கு நல்ல கட்டின்னு சொல்லியிருக்கு" என்றால் பக்கத்தில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவருக்கு வழி விடுவார்கள்.

மதினிக்குப் பிள்ளை தங்கவில்லை. மாதா மாதம் ரத்தம் நிற்காமல் போய், வெளுத்து, படியேற மூச்சு வாங்குகிற நிலைமைக்கு வந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கர்ப்பப்பைக்குள் கட்டிகள் கொத்தாகக் காய்த்திருந்தன. பையோடு எடுத்தார்கள். இது சாதாரணக் கட்டி, நிறையப் பெண்களுக்கு வருவது, இனி ஒரு பயமும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அது உண்மைதான். மதினிக்கு உடம்பு தேறியது, முகத்தில் ரத்தம் ஊறியது. ஆனால் அம்மாவின் வாயில் அவளுக்கு ஒரு புதுப் பேர் ஏறியது. பையில்லாதவள். விருந்தாளிகளுக்கு முன்னால்கூட அந்தப் பேர் வரும். "பை போச்சு, இனி இவ பொம்பளயா, ஆம்பளயா?" என்று கேட்டுவிட்டு அம்மா தானே சிரிப்பாள். அண்ணன் அந்த நேரங்களில் லொறிக்கு டீசல் அடிக்கப் போயிருப்பான். வீட்டில் யாரும் டீசலை அவ்வளவு செலவழித்ததில்லை.

வருஷங்கள் போயின. அந்த வீட்டிலிருந்து தப்ப மதினி கண்டுபிடித்த ஒரே வழி வெளிநாடு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பேர் கொடுத்தாள். மெடிக்கலுக்குப் போனாள். அங்கே எடுத்த நெஞ்சுப் படத்தைக் கையில் கொடுத்து, பாஸ்போட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். விலா எலும்புகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும், கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். ஓரம் மழுங்காமல், அச்சில் வார்த்தது போல வட்டமாக இருந்தன. மதினிக்கு இருமல்கூட இல்லை. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு "டீபி" என்றாள். அன்றைக்கே ஒரு கோப்பையின் அடியில் என் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்து அதை மதினிக்கென்று ஒதுக்கினாள். சீனி மேலே இருந்து கொட்டத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். சளியைச் சோதித்து, டீபி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் அந்தக் கோப்பை அலுமாரியில் மற்றக் கோப்பைகளோடு சேரவில்லை.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், மருந்துப் பேர்களும் கொஞ்சம் தெரியும். அதனால் மதினியோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிற வேலை எனக்கு வந்தது. கண்டியில் சீட்டி ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி போட்டதும் மருந்து உடம்பெல்லாம் சுட்டுக்கொண்டு ஓடி, மூத்திரம் போய்விட்டது போல இருந்ததாம். வெளியே வந்து பாவாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெசினுக்குள்ள வச்சு மானத்த வாங்கிட்டாங்க புள்ள" என்று சிரித்தாள். படத்தில் உருண்டைகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. நல்லதா கெட்டதா என்று படம் மட்டும் சொல்லாது என்றார் டொக்டர். பார்த்தால் எங்கிருந்தோ பரவி வந்தது போல இருக்கிறது, ஆனால் இந்த ஆளைப் பார்த்தால் நோயாளி போல இல்லை என்று தனக்குத் தானே பேசிக்கொண்டார். திடீரென்று, முன்னால் உடம்பில் எங்கேயாவது கட்டி இருந்ததா என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் மதினியே சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டாள். பையில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் மஹரகமவில் வேறொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதினார்.

மஹரகம என்கிற பேருக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அங்கே புற்றுநோய்க்காரர்கள் போவார்கள். ஸ்கேன் மெசின் அங்கே இருக்கிறது, அதற்காக மட்டும் போகிறோம் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மறுநாளே சனம் வரத் தொடங்கியது. பிஸ்கட்டும் பால்மா டின்னும் திராட்சையுமாக மதினிக்கு முன்னால் அடுக்கினார்கள். சாவு வீட்டில் உட்காருவது போலக் காலை மடக்கி உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்றார்கள். அம்மா அதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தாள். இரத்தோட்டையில் அம்மாவுக்குத் தூரத்து உறவில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி இருந்தாள். இளம் பெண். அவளைச் சமையலுக்கு உதவி என்று கூட்டிக்கொண்டு வந்து வைத்தாள். அவள் வந்து இறங்கிய அன்று மதினி குசினி வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நகர்ந்து வழி விட்டாள். ஸ்கேனுக்குப் போகும்போது உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று நான் சொன்னதும் அம்மா கையை நீட்டினாள். "அங்க களவு போயிரும். காதுத் தோட்ட இங்கயே கழட்டி வச்சிட்டுப் போ." மதினி கழற்றிக் கொடுத்தாள். தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்த ஒரே நகை அந்தத் தோடுதான்.

அந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும், அதற்கு முந்தின நாளே இனிப்பை நிறுத்த வேண்டும். நான் அதைச் சொன்னபோது மதினி, "அதுக்கென்ன, நம்ம வீட்டுல எனக்கு அப்புடித்தானே" என்றாள். அங்கே ஒரு வகைச் சீனியை ஊசியில் ஏற்றினார்கள். கதிர் வீசுகிற சீனி. அது உடம்பில் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று மெசின் பார்க்குமாம். ஊசி ஏற்றியதும் அவளைத் தனி அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். முடிந்து வெளியே வந்த பிறகும் பொழுது சாயும் வரைக்கும் சின்னப் பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். பஸ்ஸில் அவள் கடைசி ஆசனத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போனதும் கையைக் காட்டித் தடுத்தாள். "தள்ளி உக்காரு. இன்னைக்கு சட்டப்படியே எனக்கிட்ட ஒருத்தரும் வரக்கூடாது." பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவைச் சொன்னது வயதான ஒரு பெண் டொக்டர். கொம்பியூட்டரில் படத்தைப் போட்டு எங்களையும் பக்கத்தில் கூப்பிட்டார். மூளை நெருப்பு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. மூத்திரப்பையும் அப்படித்தான், அது யாருக்கும் அப்படி எரிவதுதானாம். நெஞ்சில் இருந்த உருண்டைகள் மட்டும் சாம்பலாக, அணைந்த அடுப்புப் போல இருந்தன. மதினியைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு அந்த டொக்டர் சொன்னதை நான் அன்று மனப்பாடம் செய்துகொண்டேன். "நங்கி, கெட்ட கட்டி பசியோட இருக்கும். வளர அதுக்கு அவசரம். கிடைக்கிற சீனியை எல்லாம் தின்னும். இந்தக் கட்டிகள் சீனி தின்னவில்லை." ஆனாலும் நிச்சயம் செய்ய வேண்டும் என்று, வேறோர் ஆஸ்பத்திரியில், படத்தைப் பார்த்துக்கொண்டே நெஞ்சுக்குள் நீள ஊசி விட்டு ஒரு துளி சதையை எடுத்தார்கள். அந்தச் சதை நுரையீரல் சதை இல்லை. கர்ப்பப்பையின் சதை. பழைய கட்டி, அதே சாதாரணக் கட்டி, பையை வெட்டி எடுப்பதற்கு முன்னாலோ எடுக்கும்போதோ ரத்தத்தோடு ஓடி நெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறது. மிக அபூர்வமாக நடப்பது. உயிருக்கு ஆபத்து இல்லை. பெண் உடம்பில் சுரக்கிற நீர்தான் அதற்குச் சாப்பாடு, அதை அடக்க மாத்திரை தருகிறோம், வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெட்டி எறிஞ்ச பை திரும்பி வந்திருக்கு. அதுக்கும் போக்கிடம் இல்ல போல" என்றாள்.

அபூர்வம் என்று தெரிந்ததும் படிக்கிற டொக்டர் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். எல்லோருக்கும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒருவன் இன்னொருவனைத் தள்ளிக்கொண்டு படத்தை எட்டிப் பார்த்தான். கட்டிலில் மேற்சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியாகப் போன பெண் மட்டும் திரும்பி வந்து, போர்வையை அவள் தோளில் இழுத்துவிட்டுப் போனாள்.

மாத்தளைக்கு வருகிற பஸ்ஸில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. நான் சந்தோஷத்தில் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தேன். மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "டொக்டர் ஒன்கிட்ட தனியா பேசுனது என்ன?" என்று கேட்டாள். மாத்திரை சாப்பிடுகிற முறையைச் சொன்னார் என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மாமாகிட்ட நான் சொன்னதத்தான் புள்ள நீ எங்கிட்ட சொல்ற. என்னய விட நல்லாவே சொல்ற." இல்லை மதினி, இது நிஜமாகவே நல்ல கட்டி என்று கத்தினேன். அந்தோனியார் மேல் சத்தியம் செய்தேன். "நானும் அந்தோனியார் மேலதான் சத்தியம் பண்ணுனேன்" என்றாள். எங்கள் ஊர் அந்த வார்த்தையைச் சாகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்தது. உண்மையாகவே அது தேவைப்பட்ட நாளில் அதில் ஒட்டுவதற்கு உண்மை மிச்சம் இல்லை. எனக்கு ஊர் மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டில் அம்மா மதினியின் சாவுக்குத் தயாராக இருந்தவள். அவள் பிழைப்பதற்குத் தயாராக இல்லை. நான் விளக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "கட்டி பரவியிருக்கா, இல்லயா?" என்றாள். பரவியிருக்கிறது, ஆனால் நல்லது என்றேன். "நல்லதுன்னா இருந்த எடத்துல இருந்திருக்கும். ஊர் சுத்துறது எப்புடி நல்லதாகும்?" இதைச் சொல்லும்போது குவைத்துக்குப் போகப் புறப்பட்டவளையும் சேர்த்துத்தான் பார்த்தாள். அந்தச் சொல் ஊருக்கு மிகவும் பிடித்துப்போனது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சுவாமியார் எண்ணெயோடு வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற நோயில் பூசுதலை மதினிக்குக் கொடுத்தார். அவரை வாசலில் நிறுத்தி, மதினி சாகப் போவதில்லை சாமி என்று சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, "அப்படியே சொல்லுங்க மகள், அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார்.

பிறகு மதினி தன் வாழ்க்கையைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாள். செத்துப் போகிறவள் நல்லபடியாகச் சாக வேண்டும் என்று நினைத்தாள். அண்ணனுக்குக் கருவாட்டுக் குழம்பில் எவ்வளவு புளி வேண்டும், லொறியில் போகும்போது எந்தச் சட்டையைக் கேட்பான், கோபம் வந்தால் எப்படிப் பேசாமல் விட வேண்டும் என்று இரத்தோட்டைக்காரியைக் குசினியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. பாவம், தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டை அம்மா எடுத்து அவள் காதில் போட்டபோதுகூட மதினி, "ஒனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள். நான் அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவன் என்னைப் பார்க்காமல், "அவளே சொல்றா, நான் என்ன செய்ய?" என்றான். அந்த வருஷம் முடிவதற்குள் இரத்தோட்டைக்காரி முழுகாமல் இருந்தாள்.

வருஷப் படத்துக்கு மதினி வர மாட்டேன் என்றாள். செத்தவளுக்கு எதற்குப் படம் என்றாள். இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் போன வருஷத்துப் படத்தையும் அன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். மதினி எழுந்து போய் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். ஒரு உருண்டையின் மேல் விரலை வைத்தாள், அடுத்த படத்தில் அதே உருண்டையைத் தேடி அதன் மேலும் வைத்தாள். வலது பக்கம், இடது பக்கம், மேலே, கீழே என்று எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்தாள். ஒன்றுகூடப் பெரிதாகவில்லை. கீழே இருந்த ஒன்று சுருங்கியிருந்தது. டொக்டர் பொறுமையாக இருந்தார். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "மனுசங்களுக்கு எரக்கம் இருக்கு புள்ள, பொய் சொல்லுவாங்க. இந்த மெசினுக்கு அது கெடயாது" என்றாள். பிறகுதான் அழத் தொடங்கினாள். பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "அப்ப நான் ஏன் எல்லாத்தயும் குடுத்தேன்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நேராக அம்மாவிடம் போய் நின்றாள். "மாமி, எனக்குச் சாவு இல்லயாம்." அம்மா மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை. "சாகப் போறதில்லன்னா முன்னாலயே சொல்லியிருக்கணும்" என்றாள். அண்ணன் முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனான். அன்று பின்னேரம் மதினி இரண்டு சேலையும் தன் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாமும் போட்ட பெரிய பையுமாகப் புறப்பட்டாள். நாவுலையில் அவளுடைய அக்கா வீட்டுக்கு. நகப்பூச்சுப் புள்ளி வைத்த கோப்பையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். வருஷா வருஷம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து நாங்கள் இருவரும் படத்துக்குப் போவோம். இப்போது படத்தை வெளிச்சத்தில் பிடித்து, டொக்டருக்கு முன்னால் தானே சொல்லிவிடுகிறாள். எது என்ன, எது எங்கே என்று நன்றாகத் தெரியும்.

இந்த வருஷம் அம்மா சோறு இறங்காமல் மெலியத் தொடங்கினாள். அதே ஊசி, அதே சீனி, அதே மெசின். அம்மாவின் கட்டி சீனி தின்றது. ஈரலிலும் முதுகெலும்பிலும் கோயில் திருநாளுக்கு விளக்குப் போட்டது போல எரிந்தது. ஊர் வழக்கப்படி வீட்டில் கூடிப் பேசினோம். யார் சொல்வது? நான் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள், அண்ணனுக்கு வாய் வராது. அதற்குள் அம்மாவே கட்டிலிலிருந்து கத்தினாள். "அவளக் கூப்புடுங்க. அவளுக்குத்தான் படம் பாக்கத் தெரியும்." நான் போன் எடுத்தேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த பஸ்ஸுக்கே வந்து இறங்கினாள்.

வெறும் காதோடு வந்திருந்தாள். குசினி வாசலில் இரத்தோட்டைக்காரி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், காதில் தோடு ஆடியது. அண்ணன் பின்கதவால் வெளியே போனான். மதினி அம்மாவின் படத்தை உறையிலிருந்து எடுத்து, தன் முதல் படத்தை நாங்கள் பிடித்துப் பார்த்த அதே ஜன்னலில் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"என்ன கட்டி?"

"நல்ல கட்டிதான் மாமி."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் பொறுத்து, "பரவியிருக்கா?" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் மதினியின் முதுகைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவள் படத்தை மடங்காமல் உறைக்குள் போட்டாள்.

"பரவியிருக்கு மாமி. என்னோடது மாதிரியே. நல்லதுதான் பரவியிருக்கு."

அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். நல்லது இருந்த இடத்தில் இருக்கும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கு அந்த நேரத்தில் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. அம்மா இந்தப் பக்கம் திரும்பி, பழக்கத்தில், படுத்தபடியே இடது கையை நீட்டினாள். எலும்பாகிப் போன கை. சீனி டின் மதினிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் மூடியைத் திறந்து கரண்டியை எடுத்தாள். குனியவில்லை. நின்றபடியே கொட்டினாள். அம்மா கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பிடித்தாள். முடிந்ததும் மதினி டின்னை மூடி வைத்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று புறப்பட்டாள். தரையில் சிந்தியதை நான் கூட்டி அள்ளினேன்.